ஒரே வீட்டில் இரண்டு மங்கையர்க்கரசிகள்

மங்கையர்க்கரசி என்ற பெயரைப் பற்றி யாராவது கேட்டால் நான் அரை மணி நேரம் பேசுவேன். கேட்காவிட்டாலும் பேசுவேன். அதன் பொருள் தெரியும். அதைத் தாங்கிய பாண்டிய அரசியின் கதை தெரியும். ஒரு காலத்தில் இந்த நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளில் வகுப்புக்கு ஒரு மங்கையர்க்கரசியாவது உட்கார்ந்திருந்ததும், பிறகு ஷாவில் முடிகிற பெயர்கள் வரிசையாக வந்து அவளைப் பின்பெஞ்சுக்கும் அங்கிருந்து வெளியிலும் தள்ளிவிட்டதும் தெரியும். எழுதவும் கூசமாட்டேன்; இதோ எழுதிவிட்டேன். ஆனால் ஐம்பத்தெட்டு வயதுவரை அந்த ஒன்பது எழுத்தையும் சேர்த்து ஒருமுறைகூட வாய்விட்டுச் சொன்னதில்லை.

காரணம் சிக்கலானதல்ல. அது என் அம்மாவின் பெயர். பிறகு என் மனைவியின் பெயரும் அதுவாகவே அமைந்துவிட்டது.

எங்களுடையது யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்காக இந்த மலாய் நாட்டுக் கரைக்கு வந்த குடும்பம். தாத்தா ரயில்வேயில், அப்பா துறைமுகத்தில், நான் வங்கியில் என்று மூன்று தலைமுறையாகக் கோப்புகளைக் கட்டி அவிழ்த்தவர்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த சாமான்களில் பாதி தொலைந்துவிட்டது; மரியாதை மட்டும் ஒரு கீறல் இல்லாமல் வந்து சேர்ந்தது. பெற்றவளின் பெயரைப் பிள்ளை சொல்வது எங்கள் வீட்டில் அவள்மேல் காலை வைப்பதற்குச் சமம். முதலாம் வகுப்பில் ஆசிரியை என் அம்மாவின் பெயரைக் கேட்டபோது நான் எழுந்து போய் அவர் காதில் ரகசியமாகச் சொன்னேன். அவர் சீனப் பெண்மணி, இளகிய மனம். என்னை வெளியே அழைத்துப் போய், அம்மா வீட்டில்தான் இருக்கிறாரா, அப்பாவோடு ஏதாவது சண்டையா என்று பக்குவமாக விசாரித்தார்.

எனக்கு முப்பது வயதானபோது பெண் பார்த்தார்கள். கடலுக்கு அக்கரையில், பட்டர்வொர்த் பக்கம். பெண்ணின் அப்பா தோட்டத்து மருந்தகத்தில் டிரெஸ்ஸராக, அதாவது பாதி டாக்டராக, இருந்தவர், தேவாரம் படிப்பவர். பெண் ஆசிரியை. சாதகம் பொருந்தியது, நிறம் பொருந்தியது, என்னுடைய சம்பளம்கூட எப்படியோ பொருந்தியது. கடைசியாகத்தான் பெண்ணின் பெயரைக் கேட்டார்கள். கேட்டதும் என் பெரிய மாமா கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். அம்மா சேலைத் தலைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்ப வீட்டில பிள்ளையை என்னெண்டு கூப்பிடுறது?" என்றார் மாமா.

மருமகளை அந்தப் பெயரால் கூப்பிட்டால் மாமியாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகிவிடும். கோபத்தில் கூப்பிட்டால் மாமியாரைத் திட்டியதாகிவிடும். சம்பந்தமே முறிந்துவிடும் போலிருந்தது. டிரெஸ்ஸர் பல வருடங்களாக முரண்டு பிடிக்கும் நோயாளிகளைப் பார்த்தவர். ஒரு நிமிடம் யோசித்துவிட்டு, பத்திரத்தில் பெயர் அப்படியே இருக்கட்டும், வீட்டில் உங்கள் விருப்பப்படி கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்று சொன்னார். எல்லோரும் மூச்சுவிட்டார்கள். திரும்பி வரும்போது ஃபெர்ரியில் வைத்து என் பெரிய அக்கா அவளுக்கு 'பேபி' என்று பெயர் வைத்தாள். பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. என்னிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் நான் கடலைப் பார்த்திருப்பேன்.

கல்யாண அழைப்பிதழை சூலியா தெருவுக்குப் பின்னால் ஓர் அச்சகத்தில் கொடுத்தோம். இரண்டு நாள் கழித்து அச்சகக்காரர் வங்கிக்கே ஃபோன் செய்துவிட்டார். "தம்பி, எழுதிக் கொடுத்தவருக்குக் கை தவறிப்போச்சு போல. உங்கம்மா பேரையே பொண்ணுக்கும் எழுதியிருக்கு. நான் பொண்ணு இடத்தக் காலியா விட்டு வச்சிருக்கேன், சரியான பேரு சொல்லுங்க." நான் ஃபோனில் சொல்லவில்லை. நேரில் போய், எழுதியிருந்ததை விரலால் தொட்டுக் காட்டிவிட்டு வந்தேன்.

இப்படியாக மங்கையர்க்கரசி பேபியாகி எங்கள் ஆயர் ஈத்தாம் வீட்டுக்கு வந்தாள். அக்கா பிள்ளைகளுக்கு அவள் பேபி மாமி. வருடங்கள் போய், சிம்பாங் அம்பாட்டில் ஒரு தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பையே நடுங்க வைக்கும் ஆசிரியையாகி, கண்ணாடி போட்டு, தலை நரைத்த பிறகும் அவள் பேபிதான். எனக்கு மட்டும் அந்தச் சொல் வாயில் வரவில்லை. பேரங்காடியில் நாலு பேர் நடுவே ஓர் ஆண்பிள்ளை மனைவியைப் 'பேபி' என்று கூப்பிட்டால் ஆங்கிலப் படம் பார்த்துக் கெட்டுப்போனவன் என்று நினைப்பார்கள். ஆகவே நான் என் சொந்த முறைகளைக் கண்டுபிடித்தேன். 'இந்தா' என்பது சாதாரணத் தேவைக்கு. தொண்டையைச் செருமுவது அவசரத்துக்கு. மகன் பிறந்த பிறகு 'அம்மா எங்கடா' என்பது எல்லாவற்றுக்கும். மகன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகும் கொஞ்ச நாள் 'அம்மா எங்கடா' என்று காலி அறையைப் பார்த்துக் கேட்டிருக்கிறேன்.

கோயிலில் அர்ச்சனைக்குக் குருக்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்பார். நான் நட்சத்திரத்தைச் சொல்லிவிட்டு மேலே கோபுரப் பொம்மைகளைப் பார்ப்பேன். பெயரை அவளே சொல்வாள். அரசாங்கக் கிளினிக்கில்தான் கூத்து. அம்மாவுக்கு ரத்த அழுத்தம், இவளுக்கு சர்க்கரை, ஒரே நாளில் சந்திப்பு. மலாய்த் தாதி அந்தப் பெயரை மூன்று இடத்தில் உடைத்துப் படிப்பார். இரண்டு பேரும் ஒன்றாக எழுந்து நிற்பார்கள். அப்புறம் அப்பன் பெயரைப் படித்ததும் ஒருவர் உட்காருவார். அம்மா அப்படி உட்காரும்போது இவளை ஒரு பார்வை பார்ப்பார். பட்டத்துக்குப் போட்டிக்கு வந்தவளைப் பார்க்கிற பார்வை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். நான் எதையும் சட்டென்று புரிந்துகொள்பவன் என்று பெயரெடுத்தவன், பெயரெடுத்தது பத்திரிகைக் கட்டுரைகளில்.

மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட முடியாதவன் வேறு என்ன செய்வான்? ஆராய்ச்சி செய்தேன். மங்கையர்க்கெல்லாம் அரசி என்பது எல்லோருக்கும் தெரிந்த பொருள். ஆனால் பழைய இலக்கணக்காரர்கள் பெண்ணின் பருவங்களைப் பிரித்தபோது மங்கை என்பதைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுக்குத்தான் வைத்தார்கள். அந்தக் கணக்கில் மங்கையர்க்கரசி என்பவள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசி. என் மனைவியின் வேலை அவள் பெயரிலேயே எழுதப்பட்டிருந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியை அவளிடம் சொன்னேன். அவள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்; சரி என்றாள்.

அரசியின் கதை இன்னும் நல்லது. சோழன் மகள், பாண்டியனுக்கு வாழ்க்கைப்பட்டு மதுரைக்கு வந்தவள். கணவன் சமணத்தின் பக்கம் போய்விட, இவள் சத்தம் போடாமல் தன் சைவத்தைத் தன்னோடு வைத்திருந்தாள். பிறகு சீர்காழியிலிருந்து பாடும் குழந்தை ஒன்றை வரவழைத்து, அரசனின் காய்ச்சலைத் தீர்த்து, முதுகின் கூனையும் நிமிர்த்தியதாகக் கதை. என் முதுகு விஷயத்தில் என் மனைவி இன்னும் முயன்றுகொண்டிருக்கிறாள்.

இதில் ஒரு செய்தி என்னைக் கொஞ்சம் உறுத்தியது. அடியார்களை வரிசைப்படுத்தும் மிகப் பழைய பாட்டில் அந்த அரசி வேறு பெயரில் வருகிறாள். மானி. அதுதான் அவளுக்குப் பிறந்த வீட்டில் வைத்த பெயர், மங்கையர்க்கரசி என்பது பின்னால் ஊர் கொடுத்த பட்டம் என்று படித்தவர்கள் சிலர் சொல்கிறார்கள். அப்படியானால் புகுந்த நாட்டில் தன் சொந்தப் பெயரைத் தொலைத்தவளின் பட்டத்தை எங்கள் ஆட்கள் எடுத்து மகள்களுக்கு வைத்து, அந்த மகள்கள் அதையும் புகுந்த வீட்டில் தொலைத்திருக்கிறார்கள். நல்ல கட்டுரைக்குரிய விஷயம் என்று குறித்து வைத்துக்கொண்டேன். வீட்டுக்குள் அதற்கு ஏதாவது பொருள் இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

அம்மா போன வருடத்துக்கு முந்தைய வருடம் காலமானார். முதல் வருட ஆட்டைத் திவசம் முடிந்து உறவுக்காரர்கள் போன பிறகு, மிஞ்சிய வடைகளைப் பிளாஸ்டிக் டப்பாக்களில் அடுக்கிக்கொண்டே மனைவி சொன்னாள்.

"இனிமே என்னப் பேரு சொல்லிக் கூப்பிடணும்."

"பேபின்னு கூப்பிட்டா போதாதா?"

"பேபி உங்க அக்கா வச்சது. எங்கப்பா வச்ச பேரச் சொல்லணும்."

"அது அம்மா பேரு லா."

"தெரியும். அதனாலதான் இருபத்தேழு வருஷம் வாயத் திறக்கல. அவங்க போயும் ஒரு வருஷம் பொறுத்துட்டேன்." டப்பாவின் மூடியை அழுத்தினாள். "எங்கப்பா இருந்தவரைக்கும் அவர் கூப்பிட்டாரு. இப்ப அவரும் இல்ல. பள்ளிக்கூடத்துல டீச்சர். அடுத்த மாசம் ரிட்டயர் ஆனா அதுவும் கிடையாது. அப்புறம் அந்தப் பேர நான் ஐசி கார்டுல மட்டும்தான் பாத்துக்கணும்."

நியாயமாகப் பட்டது. சரி என்றேன். ஒரு பெயர்தானே. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு ஒத்திகை பார்த்தேன். முதல் இரண்டு எழுத்து வரும். பிறகு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்; வகுப்பறையில் எழுந்து நடந்த அந்தப் பையன் திரும்பிப் பார்ப்பான். சுருக்கி 'அரசி' என்று சொல்லிப் பார்க்கலாமா என்று சமரசம் பேசினேன். பாதி வேண்டாம் என்றாள்.

அன்றிலிருந்து 'இந்தா'வுக்கும் செருமலுக்கும் அவள் காது கேட்பதில்லை. கோபித்துக்கொண்டாள் என்று சொல்ல முடியாது. சாப்பாடு வந்தது, பேச்சு இருந்தது. கூப்பிட்டால் மட்டும் திரும்பமாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமானால் நான் எழுந்து அவள் இருக்கும் இடத்துக்குப் போய், கண்ணில் படும்படி, தபால் நிலையக் கவுண்டரில் நிற்பதைப் போல நிற்க வேண்டியிருந்தது. மூன்று அறை உள்ள அடுக்குமாடி வீடு. அதற்குள்ளேயே டாக்டர் சொன்னதைவிட அதிகமாக நடந்தேன்.

பள்ளியில் அவளுக்குப் பிரியாவிடை வைத்தார்கள். வீட்டுக்காரர் கட்டுரை எழுதுகிறவர் என்பதால் என்னையும் பேசச் சொன்னார் தலைமையாசிரியர். நான் அவளைப் பார்த்தேன்.

"பேசுங்க," என்றாள். "மைக்குல ஒரு தடவ சொல்லிட்டீங்கன்னா வீட்டுலயும் வந்துரும்."

அவள் எனக்குக் கொடுத்த வாய்ப்பு அது என்று எனக்குப் புரிந்தது. இரண்டு வாரம் தயார் செய்தேன். பெயரையே பொருளாக எடுத்துக்கொண்டேன். என்னிடம் சரக்கு இருந்த ஒரே துறை. கடைசி வாக்கியத்தில் அவள் பெயர் வரும்படி அமைத்து, அதைத் தடித்த எழுத்தில் அச்செடுத்தேன்.

நானே சொல்லிக்கொள்வதில் கூச்சமில்லை, பேச்சு பிரமாதமாக அமைந்தது. ஆறாம் வகுப்பு அரசி என்ற இடத்தில் மண்டபமே சிரித்தது. கூன் நிமிர்ந்த இடத்தில் நான் சற்று நிமிர்ந்து காட்டினேன், மறுபடி சிரித்தார்கள். மானியைப் பற்றிச் சொன்னபோது அமைதியாகிவிட்டார்கள். அவள் முன்வரிசையில் மாலையோடு உட்கார்ந்து, மடியில் கையைக் கோத்து வைத்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'இந்தப் பெயர்', 'அந்த அரசி', 'நம் ஆசிரியையின் பெயருக்குரியவர்' என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசி வாக்கியத்தில் நின்றேன். தலையை நிமிர்த்தினேன். அவளுக்குப் பக்கத்தில் என் பெரிய அக்கா உட்கார்ந்திருந்தாள். வயதாக ஆக அக்காவுக்கு அம்மாவின் மூக்கு அப்படியே வந்துவிட்டது.

"இப்படிப்பட்ட பெயரைத் தாங்கிய நம் டீச்சர் நீண்ட நாள் நலமாக வாழ வேண்டும்," என்று முடித்துவிட்டு உட்கார்ந்தேன்.

நல்ல கைதட்டல். தலைமையாசிரியர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பன்னிரண்டு நிமிடம் ஒரு பெயரைப் பற்றிப் பேசிவிட்டு அந்தப் பெயரையே சொல்லாமல் இறங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை, ஒருத்தியைத் தவிர.

திரும்பும்போது வண்டி கடல் பாலத்தில் ஏறியது. மாலையைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள்.

"பன்னண்டு நிமிஷம் பேசினீங்க," என்றாள் பிறகு. "என் பேருக்கு ஒரு செகண்டு இல்ல."

அக்கா உட்கார்ந்திருந்தாள், அம்மா ஞாபகம் வந்துவிட்டது, அம்மா இருந்தால் எப்படி எடுத்துக்கொண்டிருப்பார் என்று ஏதோ சொன்னேன்.

"அம்மா எப்படி எடுத்துக்குவாங்கன்னு நீங்க எனக்குச் சொல்றீங்களா?" அவள் குரல் உயரவில்லை. ஆறாம் வகுப்புக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். அந்தக் கடைசி வருடம் அம்மாவைக் குளிப்பாட்டியது தான்தான், நான் அல்ல என்று நினைவூட்டினாள். ஒருநாள் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாராம்.

"'என்ர பேரை ஒருக்காச் சொல்லு பிள்ளை'ன்னாங்க. மாட்டேன்னேன். 'சொல்லு, ஆரும் சொல்லிக் கேட்டு எவ்வளவு காலமாச்சு'ன்னாங்க. சொன்னேன். அப்புறம் அவங்க என்ன அந்தப் பேரு சொல்லிக் கூப்பிட்டாங்க. ரெண்டு பேரும் மாத்தி மாத்திச் சொல்லிச் சிரிச்சோம். தண்ணி ஆறிப்போச்சு."

வண்டி ஓட்டுகிறவன் ரோட்டைத்தான் பார்க்க வேண்டும். நான் பார்த்தேன்.

அப்பா அம்மாவை 'இஞ்ச' என்றுதான் கூப்பிடுவார். நாங்கள் அம்மா என்றோம். ஊர் அக்கா என்றது, மாமி என்றது. அவருடைய அண்ணன்மார் போன பிறகு அந்தப் பெயரைச் சொல்ல உயிரோடு ஒருவரும் இல்லை, கிளினிக் தாதியைத் தவிர. அங்கே அம்மா உட்காரும்போது பார்த்தது, அந்தப் பெயரால் இவளையாவது ஒருவர் கூப்பிடுகிறாரே என்ற பார்வையாக இருந்திருக்கலாம். ஒருவரும் சொல்லாத ஒரு பெயரை, சொல்லப்பட வேண்டும் என்று ஆசைப்பட்ட ஒருவருக்காக, நான் கட்டிக் காத்திருக்கிறேன். காவல்காரனுக்கு இதைவிடக் கெட்ட பெயர் கிடைக்க முடியாது.

"எனக்கு ஏன் சொல்லல?" என்றேன்.

"நீங்க எப்ப என்னக் கூப்பிட்டுக் கேட்டீங்க?" என்றாள்.

அடுத்த ஞாயிறு காலை ஆயர் ஈத்தாம் பசாருக்குப் போனோம். நான் பைகளைப் பிடித்துக்கொண்டு நடைபாதை ஓரத்தில் நிற்பேன், அவள் உள்ளே போய் வாங்கி வருவாள். எங்கள் வேலைப் பிரிவினை அது. அன்று கூட்டம் அதிகம். அவள் மீன் வரிசையிலிருந்து வெளியே வந்து, என்னைக் காணாமல், எதிர்ப்பக்கமாகக் காய்கறிக் கடைகளைத் தாண்டிப் பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். இடையே தள்ளுவண்டிகளும் மோட்டார் சைக்கிள்களும். ஓடிப் போய் முன்னால் நிற்க வழியில்லை. செருமினால் பக்கத்திலிருக்கும் கோழிக்கடைக்கே கேட்காது.

"மங்கையர்க்கரசி," என்றேன்.

என் சட்டைப் பித்தானுக்கு மட்டும் கேட்டிருக்கும். ஒன்றும் ஆகவில்லை. வானம் இடியவில்லை, யாரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. மறுபடி, சற்று ஓங்கிச் சொன்னேன். கீரை விற்கும் சீனக் கிழவர் திரும்பிப் பார்த்தார். அவள் நடந்துகொண்டே இருந்தாள். எனக்குச் சுருக்கென்றது, இப்போதுமா திரும்பமாட்டாள் என்று. ஆனால் அவள் நடையில் வீம்பு இல்லை. கழுத்தை நீட்டி என்னைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். என் குரலில் அந்தப் பெயரை அவள் கேட்டதே இல்லை. அது தன்னைத்தான் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது முறை வங்கிக்காரனின் வாழ்நாள் அடக்கத்தையெல்லாம் மறந்து கத்தினேன். ஒன்பது எழுத்தும் முழுசாக வந்தன.

அவள் நின்றாள். முதலில் இந்தப் பக்கம் பார்த்தாள், பிறகு அந்தப் பக்கம், தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடக்கூடியவர் வேறு யாராவது வந்திருக்கிறாரோ என்பது போல. பிறகு என்னைப் பார்த்தாள். மீன் பையோடு, தள்ளுவண்டிகளுக்கு நடுவே புகுந்து, நிதானமாக வந்து சேர்ந்தாள்.

"என்ன?" என்றாள்.

பெயரைத் தயார் செய்திருந்தேனே தவிர அதற்கு அடுத்த வாக்கியத்தை நான் தயார் செய்திருக்கவில்லை.

"கத்தரிக்கா வாங்கிட்டியா?"

"அதுக்கா பசாரே திரும்பிப் பாக்குற மாதிரி சத்தம்?" பையை என் கையில் கொடுத்தாள். அவள் முகம் சிவந்திருந்தது. வெயில் இன்னும் ஏறவில்லை. "எத்தன தடவ கூப்பிட்டீங்க?"

"மூணு."

"எனக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு," என்றாள். "நாளைக்கும் கூப்பிடுங்க. பழகிரும்."

கத்தரிக்காய் வாங்கியிருக்கவில்லை. இருவருமாகத் திரும்பிப் போய் அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தோம்.